சுவரில் எழுதியிருக்கிற குடல் நோய்

தமிழ்நாட்டில் குடல் நோயைப் பற்றி அதிகம் பேர் வாசித்த எழுத்து எதுன்னு கேட்டா, நான் எந்த மருத்துவப் புத்தகத்தையும் சொல்ல மாட்டேன். "மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்" என்கிற சுவர் விளம்பரத்தைத்தான் சொல்வேன். பஸ் ஸ்டாண்டு சுவர், மின்கம்பம், ரயில்வே கேட் ஓரம், கட்டணக் கழிப்பறைக் கதவின் உள்பக்கம்னு அது இல்லாத இடமில்லை. கடலூர்–விருத்தாசலம் ரோட்டில் வடலூர் தாண்டி வந்தா வர்ற எங்க மந்தாரக்குப்பமும் இதுக்கு விதிவிலக்கு இல்ல.

விமர்சனம்னா நாவலுக்கும் சினிமாவுக்கும் மட்டும்தான்னு ஒரு பழக்கம் இருக்கு. ஆனா ஒரு சமூகம் தன் உடம்பைப் பற்றி எப்படிப் பேசுதுன்னு தெரிஞ்சுக்க, இந்த மாதிரி எழுத்தையும் வரி வரியா வாசிக்கணும். இந்தக் குறிப்பில் ரெண்டு வகை எழுத்தைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கிறேன். ஒண்ணு மேலே சொன்ன சுவர் விளம்பரம். இன்னொண்ணு குடல் அழற்சி நோய் பற்றி ஆஸ்பத்திரிகளும் பத்திரிகைகளும் தமிழில் வெளியிடும் விழிப்புணர்வுச் செய்திகள். முதலாவது ஆபத்தானது, ஆனா நல்ல தமிழ். இரண்டாவது சரியான தகவல், ஆனா யாருக்கும் போய்ச் சேராத தமிழ். இந்த ரெண்டுக்கும் நடுவுல நோயாளிகள் வருஷக்கணக்கா மாட்டிக்கிட்டுக் கிடக்கிறாங்க. எனக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருக்கு. அதனால இந்த விமர்சனத்தில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு, அதை மறைக்கலை.

முதல்ல நோய்

குடல் அழற்சி நோய் என்பது பொதுப்பெயர். சுருக்கமா ஐ.பி.டி. என்பார்கள். அதுக்குள்ள முக்கியமா ரெண்டு நோய். அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் பெருங்குடலின் உள்தோல் சிவந்து, புண்ணாகி, ரத்தமும் சளியும் கசியும். மலக்குடல்ல ஆரம்பிச்சு மேல் நோக்கிப் பரவும். க்ரோன் நோய் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்க வேணும்னாலும் வரலாம், சிறுகுடல் முடிஞ்சு பெருங்குடல் தொடங்குற இடத்துல அதிகம். அது குடல் சுவரின் முழுத் தடிமனையும் பிடிக்கும். அதனால குடல் சுருங்கி அடைச்சுக்கலாம், அல்லது சுவரைத் துளைச்சுக்கிட்டுப் பக்கத்துல புதுசா ஒரு வழி உண்டாகலாம். ஆசனவாய் ஓரத்துல அப்படி உண்டாகிற வழிக்குப் பேர்தான் பவுத்திரம். இதை ஞாபகம் வச்சுக்கங்க, திரும்ப வருவோம்.

உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் குடல் மேலேயே பாயறது இந்த நோய்களின் அடிப்படை. பரம்பரை, குடல் நுண்ணுயிர்கள், சூழல் மூணும் சேர்ந்து அதைக் கிளப்புது. தொத்து நோய் இல்ல. அடியோடு தீர்க்கிற மாத்திரை கிடையாது, அடக்கி வைக்கிற மருந்துகள் உண்டு. சில மாசம் அடங்கியிருக்கும், சில வாரம் கிளம்பும், அதுதான் இதன் போக்கு.

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பேர் 1859-ல் லண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் எழுத்தில் வருது. க்ரோன் நோயை 1913-லேயே ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் டால்சீல் விவரிச்சிருந்தார். 1932-ல் நியூயார்க்கில் க்ரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு க்ரோன் பேரே நின்னுடுச்சு. ரொம்ப காலம் இதை வெள்ளைக்காரன் நோய்னே நம்ம பக்கம் நினைச்சிருந்தாங்க. லூதியானாவில் வீடு வீடாப் போய் எடுத்த ஒரு கணக்கெடுப்பு 2003-ல் வெளியாச்சு. லட்சம் பேருக்குச் சுமார் 44 பேர்னு அது சொல்லுது, அதுவும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மட்டும். ஐரோப்பாவை விடக் குறைவுதான். ஆனா நம்ம நாட்டில் இல்லாத நோய்னு இனி யாரும் சொல்ல முடியாது.

சுவர் எழுத்தின் பலம்

இப்ப சுவர் விளம்பரத்தைப் படிப்போம். அதன் முதல் பலம், நோயாளி தன் மனசுக்குள்ள சொல்லிக்கிற அதே வார்த்தையை அது எழுதுது. மூலம், பவுத்திரம், வெடிப்பு, ரத்தப்போக்கு. கூச்சப்படலை. பஸ்ஸுக்கு நிக்கிற ஆள் அரை நிமிஷத்துல படிச்சு முடிச்சுடலாம். ரெண்டாவது பலம், நோயாளியோட பயம் என்னன்னு அதுக்குத் தெரியும். கத்தி வைப்பாங்களோ, செலவு இழுத்துடுமோ, லீவு போடணுமோ. மூணுக்கும் ஒரே வரியில் பதில் வச்சிருக்கு. மூணாவது, அது நிக்கிற இடம். கழிப்பறைக் கதவுல ஒட்டியிருக்கிற நோட்டீஸை, ரத்தத்தைப் பார்த்த அடுத்த நொடியில் ஒருத்தர் படிக்கிறார். இதைவிடத் துல்லியமா வாசகனைக் கண்டுபிடிச்ச எழுத்து தமிழ்ல வேற இருக்கான்னு தெரியலை.

ஆனா அது சொல்ற பொய் எங்க இருக்குன்னா, எல்லா ரத்தத்துக்கும் ஒரே பேர் வைக்கிறதுல இருக்கு. மலத்துல ரத்தம் வந்தா மூலம். முடிஞ்சது. மூலமா இருக்கவும் வாய்ப்பு அதிகம்தான். ஆனா பெருங்குடல் புண்ணா இருக்கலாம், சீதபேதியா இருக்கலாம், குடல் காசநோயா இருக்கலாம், புற்றுநோயா இருக்கலாம். உள்ளே பார்க்காம எதுவும் தெரியாது. பவுத்திரம் விஷயம் இன்னும் மோசம். க்ரோன் நோயால வந்த பவுத்திரத்தைச் சாதாரணப் பவுத்திரம்னு நினைச்சு அறுத்தா காயம் ஆறாமலே போகலாம். மலத்தை அடக்கிப் பிடிக்கிற தசை பழுதாகிடலாம். காரநூல் மாதிரியான மரபு முறைகள் சாதாரணப் பவுத்திரத்துக்குப் பயன்படுறது ஆய்வில் பதிவான விஷயம், அதை நான் மறுக்கலை. இது எந்த வகைப் பவுத்திரம்னு கேட்காமலே கையை வைக்கிறதைத்தான் சொல்றேன்.

வேடிக்கை என்னன்னா, க்ரோன் நோயின் ஒரு முக்கிய அடையாளத்தை ஊர் ஊரா எழுதி வச்சிருக்கிறது இந்தச் சுவர்தான். அறிகுறியைச் சரியாச் சொல்லிட்டு நோயைத் தப்பாச் சொல்லுது.

ஆஸ்பத்திரித் தமிழ்

அடுத்து விழிப்புணர்வுச் செய்திகள். மே 19 உலகக் குடல் அழற்சி நோய் தினம். அதையொட்டிக் கட்டுரை, பேட்டி, துண்டுப் பிரசுரம் எல்லாம் வரும். ஊதா நிற ரிப்பன், சிரிக்கிற குடும்பப் படம், குடலின் வண்ணப் படம். "நாள்பட்ட அழற்சி", "தன்னெதிர்ப்பு", "வாழ்க்கைமுறை மாற்றம்". வார்த்தை ஒவ்வொண்ணும் சரி. ஆனா 'அழற்சி'ன்னு எங்க கடைத்தெருவுல யாராவது வாய் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை. 'மலம்' என்கிற சொல் முழுப் பக்கத்துல ஒரு தடவை வந்தா அதிகம். அதுவும் 'குடல் இயக்கத்தில் மாற்றம்'னு முகமூடி போட்டுக்கிட்டு வரும்.

இந்தத் தமிழ் செய்யுற முதல் சேதம் 'அல்சர்' என்கிற வார்த்தையில். நம்ம ஊர்ல அல்சர்னா நெஞ்செரிச்சல், வெறும் வயித்துல வர்ற வலி, நேரத்துக்குச் சாப்பிடாததால் வர்றது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸை 'குடல்புண்'னு மொழிபெயர்த்த உடனே கேக்கிறவர் மனசுல அந்தப் பழைய அல்சர் வந்து உக்காந்துக்குது. நோயாளி பத்து தடவை கழிப்பறைக்கு ஓடி, ரத்தசோகையில வெளுத்துப் போய் நிக்கிறார். அவர்கிட்ட சொல்றது, "டைமுக்குச் சாப்பிடுப்பா, காரத்தைக் குறை, மோர் குடி." சொல்றவங்க அன்பாத்தான் சொல்றாங்க. ஆனா அந்த அன்புக்குள்ள ஒரு தீர்ப்பு இருக்கு: உன் நோய்க்கு நீதான் காரணம். திருக்குறளின் 95-ஆவது அதிகாரம் மருந்து. அதன் பெரும்பகுதி அளவறிந்து உண்பதைப் பற்றியது. நல்ல அறிவுரைதான். ஆனா வயித்து நோய்னாலே வாய் செஞ்ச குற்றம்னு நினைக்கிற பழக்கம் நம்மகிட்ட ரொம்ப ஆழமா இருக்கு. அந்தப் பழக்கத்தை உடைக்க வேண்டிய பிரசுரம், "ஆரோக்கியமான உணவு உண்ணுங்கள்"னு முடிச்சு அதுக்கே துணை போகுது.

ரெண்டாவது சேதம், மேல்நாட்டுச் செய்தியை அப்படியே இறக்குமதி பண்றது. இங்கே ஒரு மருத்துவர் முன்னாடி நிக்கிற பெரிய கேள்வி, இது க்ரோன் நோயா, குடல் காசநோயா என்பது. ரெண்டும் குடலின் அதே இடத்தைப் பிடிக்கும். காய்ச்சல், எடை குறைவு, வயித்து வலி, குடல் சுருக்கம் எல்லாம் ரெண்டுலயும் உண்டு. திசு எடுத்துப் பார்த்தாலும் சில சமயம் பிரிச்சுச் சொல்ல முடியாது. அதனால பலருக்கு முதல்ல காசநோய் மருந்து கொடுத்து, அப்புறம் மறுபடி குடலுக்குள்ள பார்த்து முடிவு பண்றாங்க. இதை மாத்திப் பண்ணினா ஆபத்து: காசநோய் இருக்கிறவருக்கு ஸ்டீராய்டு போனா காசநோய் தலைதூக்கும். இன்ஃப்ளிக்ஸிமாப் மாதிரி ஊசி போடும் முன்னாடி உள்ளே காசநோய் பதுங்கியிருக்கான்னு சோதிக்கிறதும் இதனாலதான். ஆறு மாசம் காசநோய் மாத்திரை சாப்பிட்டும் தீராதப்ப, நோயாளி மருத்துவர் மேலயே நம்பிக்கை இழந்து சுவர் விளம்பரத்துப் பக்கம் போறார். "இப்படி ஒரு கட்டம் வரும், நடுவுல விட்டுடாதீங்க"ன்னு முன்னாடியே சொல்லியிருந்தா அவர் போயிருக்க மாட்டார். நான் பார்த்த பிரசுரம் எதுலயும் அந்த ஒரு வரி இல்ல.

"கண்ணுக்குத் தெரியாத" நோயா?

இந்தப் பிரசுரங்கள் எல்லாத்துக்கும் பிடிச்ச சொற்றொடர் 'கண்ணுக்குத் தெரியாத நோய்'. பிரிட்டனில் நோயாளிகளுக்கான ஒரு அமைப்பு, எல்லா ஊனமும் வெளியே தெரியாது என்று கழிப்பறை வாசலில் பலகை வைக்க வச்சுது. அங்கே அதுக்கு அர்த்தம் இருந்துச்சு. மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறையிலிருந்து நல்லா நடந்து வெளியே வர்ற இளைஞரை மத்தவங்க திட்டினாங்க. திட்டாதீங்கன்னு பலகை சொல்லுது. பலகைக்குப் பின்னாடி ஒரு கழிப்பறை இருந்தது என்பதுதான் முக்கியம்.

நம்ம ஊருக்கு வாசகம் மட்டும் வந்துச்சு, கழிப்பறை வரலை. மலத்துல ரத்தம் கண்ணுக்குத் தெரியும். ஒரு மாசத்துல எட்டு கிலோ குறைஞ்ச உடம்பு தெரியும். கல்யாண வீட்டுல சாப்பிடாம ஓரமா நிக்கிற ஆள் தெரிவார். தெரியலைன்னு நாம சொல்றது, பெரும்பாலும் பார்க்க விரும்பலை என்பதற்கான மரியாதையான பேர்.

பார்க்க விரும்பாததுக்கு ஒரு வழி, சிரிச்சுடறது. 1909-ல் வங்காளத்தில் அகமத்பூர் ஸ்டேஷனில் ஒரு பயணி பலாப்பழம் சாப்பிட்டு வயிறு உப்பி, ஒதுங்கப் போன நேரத்துல ரயில் கிளம்பிடுச்சுன்னு ரயில்வேக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் டெல்லி ரயில் அருங்காட்சியகத்துல இருக்கு. ரயில் பெட்டியில் கழிப்பறை வந்ததுக்கே அதுதான் காரணம்னு சொல்லப்படுது. நூறு வருஷத்துக்கு மேலா அதை அதன் உடைஞ்ச ஆங்கிலத்துக்காகச் சிரிப்புத் துணுக்காத்தான் சுத்த விடறாங்க. பொது இடத்தில் அவமானப்பட்ட ஒருத்தர் எழுதிய புகார் மனுன்னு யாரும் அதை வாசிக்கிறதில்லை. தமிழ் சினிமாவில் பேதி மாத்திரை காமெடி எத்தனை தடவை வந்திருக்குன்னு நீங்களே எண்ணிப் பாருங்க.

இன்னொரு வழி, சட்டத்துல விட்டுடறது. 2016-ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏழா இருந்த ஊனப் பட்டியலை 21 ஆக்குச்சு. ஹீமோஃபீலியா, தலசீமியா, சிக்கிள் செல் போன்ற வெளியே தெரியாத ரத்த நோய்களும் அதில் வந்தன. அந்த அளவுக்கு அது நல்ல சட்டம். ஆனா குடல் அழற்சி நோய் அந்தப் பட்டியலில் இல்லை. ஜப்பானில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸும் க்ரோன் நோயும் அரசு சிகிச்சைச் செலவில் உதவுகிற கடின நோய்ப் பட்டியலில் இருக்கு. அந்நாட்டுப் பிரதமர் ஷின்சோ அபே 2020 ஆகஸ்ட் 28-ல் பதவி விலகலை அறிவிச்சப்ப, காரணம் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்னு நோயின் பேரைச் சொல்லியே அறிவிச்சார். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில், க்ரோன் நோய் இருந்த ஆலி பெய்ன் என்கிற பள்ளி மாணவிக்கு ஒரு கடை கழிப்பறையைத் திறக்க மறுத்துடுச்சு. அவர் போராடி 2005-ல் ஒரு சட்டமே வந்துச்சு: இப்படி நோய் உள்ளவர் கேட்டா, கடை ஊழியர்களின் கழிப்பறையைத் திறந்துவிடணும். பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின.

மந்தாரக்குப்பத்திலிருந்து பார்த்தா

எங்க ஊர்க்காரங்களுக்கு இது வெறும் உரிமைப் பேச்சு இல்ல. சுரங்கத்துல, அனல்மின் நிலையத்துல, அதை நம்பியிருக்கிற ஒப்பந்த வேலையில, லாரியில, கடையில யாராவது ஒருத்தர் இல்லாத வீடு குறைவு. எட்டு மணி நேர ஷிஃப்ட். குடல் நோய் கிளம்பியிருக்கிற ஒருத்தருக்கு, 'வருது' என்கிறதுக்கும் வந்துடறதுக்கும் நடுவுல ரெண்டு நிமிஷம் இருந்தா பெருசு. சுரங்கச் சட்டம் 1952-லேயே, தன் 20-ஆவது பிரிவில், போதுமான கழிப்பறைகள் ஆண் பெண் இருவருக்கும் தனித்தனியா, எந்நேரமும் எளிதாகப் போகக்கூடிய இடத்துல இருக்கணும்னு எழுதியிருந்துச்சு. "எந்நேரமும்" என்கிறது அருமையான வார்த்தை. சுரங்கத்துக்காக எழுதின அந்த வார்த்தை பஸ் ஸ்டாண்டுக்கும் ஜவுளிக்கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தேவை. பெண்களுக்கு ரெண்டு மடங்கு தேவை. வெளியே போற அன்னைக்குச் சாப்பிடாம, தண்ணி குடிக்காம இருக்கிறதுதான் அவங்களில் பலர் கண்டுபிடிச்ச 'மருந்து'.

ஒரு சின்ன உதாரணம். இந்த நோயை உறுதிப்படுத்த கொலனோஸ்கோப்பி பண்ணணும். முந்தின ராத்திரியும் அன்னைக்கு விடியக்காலையும் குடலைச் சுத்தமாக்குற மருந்துத் தண்ணியை லிட்டர் கணக்கில் குடிக்கச் சொல்வாங்க. பக்கத்துத் தெருவில் ஆஸ்பத்திரி இருக்கிறவருக்குப் பிரச்சனை இல்ல. இங்கிருந்து பாண்டிச்சேரிக்குப் போறவர், பேதிக்குக் குடிச்ச வயித்தோட விடியக்காலை பஸ் ஏறணும். முதல் நாளே போய்த் தங்க லாட்ஜ் செலவுக்கு எல்லார்கிட்டயும் காசு இருக்காது. பலர் டெஸ்ட்டைத் தள்ளிப் போடுறதுக்கு அறியாமை காரணம் இல்ல, இந்த ரெண்டரை மணி நேரம்தான் காரணம். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடல்ல பெரிய அளவுக்குப் பரவியிருந்தா, எட்டு வருஷத்துக்கு அப்புறம் புற்றுநோய் வந்திருக்கான்னு இதே டெஸ்ட்டைத் திரும்பத் திரும்பப் பண்ணணும். அப்ப இந்தப் பயணமும் திரும்பத் திரும்ப.

தமிழுக்குக் கூச்சம் இருந்ததில்லை

இதையெல்லாம் வெளிப்படையா எழுதினா அசிங்கமா இருக்காதான்னு சிலர் கேக்கிறாங்க. பதினெண்கீழ்க்கணக்கில் ஒண்ணான ஆசாரக்கோவை, எங்கெங்கே மலசலம் கழிக்கக் கூடாதுன்னு விதி சொல்லுது. எங்க ஊருக்குப் பக்கத்து வடலூர்ல 1867-ல் வள்ளலார் தருமச்சாலை தொடங்கினார். பசியைப் பிணின்னு சொன்னவர்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா நித்திய கரும விதியில், காலையில் மலம் எப்படிக் கழியணும், கழியாட்டி என்ன செய்யணும்னு அவரே பொறுமையா எழுதியிருக்கிறது அவ்வளவா பேசப்படறதில்லை. வயித்துக்குள்ள போறதைப் பேசின அதே குரல்தான் வெளியே வர்றதையும் பேசுச்சு. நாமதான் பாதியை எடுத்துக்கிட்டு மீதியைச் சுவர் விளம்பரத்துக்கு விட்டுட்டோம்.

அதனால நான் கேக்கிறது புது இயக்கமோ புது ரிப்பனோ இல்ல. அதே சுவருல, அதே எழுத்து அளவுல, இப்படி ஒரு நோட்டீஸ்:

"மலத்தில் ரத்தமா? மூலம்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்புற வயித்துப்போக்கு, நாலு வாரத்துக்கு மேல் நிக்காத வயித்துப்போக்கு, காரணமில்லாத எடைக் குறைவு, திரும்பத் திரும்ப வர்ற பவுத்திரம். இதுல எது இருந்தாலும் குடலுக்குள்ள பார்க்கணும். இது தொத்தாது. நீங்க சாப்பிட்டதால வந்ததும் இல்ல. மருந்து இருக்கு. நின்னுடுச்சுன்னு மருந்தை நீங்களா நிறுத்தாதீங்க. கடைக்காரர் கவனத்துக்கு: அவசரமா கழிப்பறை கேக்கிறவர்கிட்ட காரணம் கேக்காதீங்க, சாவியைக் கொடுங்க."

ஒரு நிமிஷத்துக்குள்ள படிச்சுடலாம். ரத்தம் எதனாலயும் வரலாம்னு சொல்லுது, நோயாளியைக் குத்தம் சொல்லலை, கடைசி ரெண்டு வரியில் நோய் இல்லாதவங்களுக்கும் ஒரு வேலை கொடுக்குது. இந்த நோட்டீஸில் ஒரு மருத்துவர் கைவச்சுத் திருத்தலாம், நல்ல ஓவியர் எழுத்தை அழகாக்கலாம். ஒட்ட வேண்டிய இடம் மட்டும் மாறக்கூடாது: கட்டணக் கழிப்பறைக் கதவின் உள்பக்கம், பவுத்திர விளம்பரத்துக்குப் பக்கத்துல.